பித்தளைப் பூணில் இருந்த பெயர்

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நடந்தது இது. ஏற்காட்டில், எஸ்டேட் லைன் வீட்டில். நான் காப்பிப் பழம் பறிக்கிறவள். நாலாவது வரைதான் படித்தேன். எழுதிப் பழக்கம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் அப்பா அந்த வருஷம் ஆனி மாதம் இறந்தார். நான் ஒரே பிள்ளை. அவருடைய தகரப் பெட்டி எனக்கு வந்தது. உள்ளே இரண்டு வேட்டி, ஒரு கம்பளி, ஒரு வேட்டைக் கத்தி.

கத்தி ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஈட்டி மரக் கைப்பிடி. பிடியும் அலகும் சேரும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பித்தளைப் பூண். வேட்டைக்குத் தடை வராத காலத்தில் அப்பா எஸ்டேட் துரையோடு காட்டுக்குப் போவார். காட்டுப்பன்றி பாய்ந்தபோது ஓடாமல் நின்றாராம். துரை இந்தக் கத்தியைத் தன் இடுப்பில் இருந்து கழற்றிக் கொடுத்தாராம். இதை வீட்டுக்குள் மட்டும்தான் சொல்வார். வெளியே தெரிந்தால் பாரஸ்ட்காரர்கள் பிடுங்கிக்கொண்டு போவார்கள் என்பார். நாங்களும் வாய் திறந்ததில்லை.

பனிக்காலத்தில் மாதம் ஒரு தடவை கத்தியை வெளியே எடுப்பார். உறையில் போட மாட்டார். தோல் ஈரத்தை இழுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். அதனால் உறை தனி, கத்தி தனி. காய்ந்த துணியால் துடைப்பார். ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவுவார். பழைய வேட்டித் துணியில் சுற்றி வைப்பார். அலகில் விரல் படக் கூடாது.

பூண் மட்டும் கறுப்பாகவே கிடக்கும். சின்ன வயதில் ஒரு தடவை, வீட்டுப் பித்தளைச் சாமான்களோடு சேர்த்து அதற்கும் புளி போடப் போனேன். அப்பா கன்னத்தில் அறைந்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். புளி பட்டால் இரும்பு கெட்டுப்போகும் என்றார். நம்பினேன்.

அன்றைக்குப் பூஜைக்காக அரிவாள், செடி வெட்டுகிற கவாத்துக் கத்தி எல்லாம் கழுவி வைத்தேன். கடைசியில் இதை எடுத்தேன். என் மகள் ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வேலை செய்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எந்த ஊர்க் கத்தின்னு பூணுல போட்டிருக்கும்மா. தேய்ச்சுக் காட்டு. போன்ல போட்டுப் பாத்துடலாம்."

அப்பா இல்லை, அறைய ஆளில்லை. அலகைத் துணியால் சுற்றிக் கட்டினேன். பூணை மட்டும் சுடுதண்ணீரில் நனைத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். முதலில் பச்சையாக வந்தது. பிறகு கறுப்பாக ஏதோ உருகி வந்தது. மெழுகும் கரியும். யாரோ குழைத்து அப்பி வைத்திருக்கிறார்கள். அது போனதும் புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது.

மகள் குனிந்து பார்த்தாள். சிரித்தாள்.

"இது இங்கிலீஷ் இல்லைம்மா, தமிழ். நம்ம குண்டாவுல பேர் வெட்டியிருக்கறாப்பல இருக்குது. தாத்தா இதை தொரைகிட்ட வாங்குனாரா, பாத்திரக் கடையில வாங்குனாரா?"

நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு இனிஷியல், நாலெழுத்துப் பேர். அப்பா பேர் இல்லை.

அந்தப் பேரை நான் ஏற்கெனவே படித்திருக்கிறேன். கிளியூரில் பெரியப்பா வீட்டுச் சொம்பில். அவர் சொந்தப் பெரியப்பா இல்லை. அப்பாவோடு துரையின் வேட்டைக்குப் போனவர். எங்கள் மரத்தில் முதலில் பழுக்கும் பலா வருஷா வருஷம் அவருக்குத்தான். என்னிடம் கொடுத்து அனுப்புவார் அப்பா. தான் ஒரு நாளும் போனதில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. பழத்தை இறக்கி வைத்ததும் பெரியப்பா அந்தச் சொம்பில் எனக்குத் தண்ணீர் கொடுப்பார். அதே இனிஷியல், அதே பேர், அதே மாதிரிப் புள்ளி.

மகளிடம் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுபோனது.

"மறுபடி மெழுகை அப்பி வெச்சுடலாம்மா. தாத்தாவும் இல்லை. யாருக்குத் தெரியும்?"

வீட்டில் மெழுகுவத்தி இருந்தது. எடுக்கக்கூடச் செய்தேன். பிறகு வைத்துவிட்டேன். மறுநாள் பூஜையில் அந்தக் கத்திக்குப் பொட்டு வைக்கவில்லை. அதற்கு மறுநாள் காலையில் பையில் போட்டுக்கொண்டு கிளியூர் போனேன்.

பெரியப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார்.

"கண்ணு, நீயா? வா சாமி. பலாக் காலம் முடிஞ்சு போச்சே, என்ன திடீர்னு?"

நான் சொல்ல வாய் எடுப்பதற்குள் அவர் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சாவுக்கு வர முடியவில்லை என்று வருத்தப்பட்டார்.

"உங்கப்பனைப் போல ஒருத்தன் கெடைக்க மாட்டான் கண்ணு. தொரை எனக்கொரு கத்தி குடுத்தாரு. பன்னி பாஞ்சப்ப நின்னதுக்கு. ஆசையாப் பேரு வெட்டிக்கிட்டு வந்தேன். எட்டு நாள்ல காணாமப் போச்சு. குடிச்சுப்போட்டு வித்துட்டேன்னு தொரை சொல்லிட்டாரு. அப்புறம் வேட்டைக்கே கூப்பிடலை. களை வெட்ட அனுப்பிட்டாரு. எங்க ஊட்டுக்காரி சாகற வரைக்கும் அதையேதான் சொன்னா. உங்கப்பன் ஒருத்தன்தான் நம்புனான். மூணு நாள் எங்கூடக் காட்டுல தேடுனான் கண்ணு. அட்டை கடிச்சு முழங்கால் வரைக்கும் ரத்தம். அப்பவும் தேடறதை உடலை."

பன்றி பாய்ந்தபோது நின்றவரும் அப்பா இல்லை.

பை மடியில் இருந்தது. அப்படியே எழுந்து வந்திருக்கலாம். அவர் கடைசி வரை என் அப்பாவை நல்லவர் என்றே நினைத்திருப்பார். ஆனால் அவர் விற்றார் என்கிற பேச்சும் அப்படியே இருந்திருக்கும்.

துணியைப் பிரித்து அவர் கையில் வைத்தேன். பிடியைப் பிடித்தார். கட்டை விரல் பூணுக்குப் போனது. புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். கடைசி எழுத்து வரை போய், திரும்ப முதல் எழுத்துக்கு வந்தார்.

"எங்க இருந்துச்சு?"

"அப்பா பெட்டியிலங்க."

அலகில் விரல் வைத்து முகர்ந்து பார்த்தார். எண்ணெய் வாசம்.

"துளி துரு இல்லை. நொம்ப நல்லாத்தான் வெச்சிருந்திருக்கான்."

பிறகு ஒன்று கேட்டார்.

"நாங்க தேடுன அந்த மூணு நாளும் இது அவன் இடுப்புல இருந்துச்சா, ஊட்டுல இருந்துச்சா?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் பிறக்கவே இல்லை. தெரியாதுங்க என்றேன். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் திட்டவில்லை. கத்தியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வருஷமும் முதல் பலாவைக் கொண்டு போனேன். வாங்குவாரோ மாட்டாரோ என்று இருந்தது. வாங்கிக்கொண்டார். அதே சொம்பில் தண்ணீரும் கொடுத்தார்.

"வாங்க, உக்காருங்க" என்றார். கண்ணு என்று கூப்பிடவில்லை.

இத்தனை வருஷம் அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது என் அப்பா அந்த மூன்று நாள் தேடியதற்காக. அதை என்னால் திரும்பச் சம்பாதிக்க முடியுமா என்று தெரியவில்லை, ஆனாலும் அந்த மரம் காய்க்கிற வரை முதல் பழத்தை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.