நிக்காது என்றார், நிற்கவில்லை

முல்லைத்தீவில் கராச் வைத்து வாகனம் திருத்தும் அந்த பாஸ்தான் என் காரின் பிரேக்கைக் கெடுத்தார். கெடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். இதை அவருடைய முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன், இப்போது எழுத்திலும் சொல்கிறேன். நடந்தது அறுபத்தொன்றாம் ஆண்டு மாசி மாதம், புளியங்குளம் சந்தியில்.

அப்போது என்னிடம் ஒரு பழைய அமெரிக்கக் கார் இருந்தது. ஓய்வு பெற்று ஊருக்குப் போன டாக்குத்தர் ஒருவரிடம் வாங்கியது. முன்னால் மூன்று பேர், பின்னால் நாலு பேர் தாராளமாக இருக்கலாம். ஆள் ஏற்றி ஹயருக்கு ஓட இதைவிட நல்ல கார் இல்லை என்று நினைத்தேன். இரண்டாம் மாதமே ரேடியேற்றர் ஒழுகியது. ஈயம் வைத்து அடைக்க ஆறு ரூபா. அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி ஒழுகியது. கிளச் தட்டு தேய்ந்து புதுசு போட எழுபது ரூபா, அதுவும் கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை. சின்னக் கார் வைத்திருந்தவர்களுக்குச் சாமான் வவுனியாவிலேயே கிடைத்தது. என்னுடையதுக்கு ஒரு ரப்பர் வளையம் வேண்டுமென்றாலும் கொழும்புக்குக் கடிதம் எழுத வேண்டும். ஹான்ட் பிரேக், கார் வாங்கிய நாளிலிருந்தே பெயருக்குத்தான்.

அந்தக் கார் என்னை ஓரிடத்தில் இருக்க விடவில்லை. ஓடும்போது ஏதாவது சத்தம் கேட்டால், பின்னால் கதைக்கிறவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் காதைக் கொடுப்பேன். சத்தம் கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று யோசிப்பேன். சோற்றில் கை வைத்த பிறகு எழும்பிப் போய், காருக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன்.

மாசியில் பிரேக் மிதி தாழத் தொடங்கியது. பாஸிடம் கொண்டு போனேன். உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது, கொழும்புக்கு எழுதினால் இரண்டு கிழமையில் வரும் என்றார். எனக்கு இரண்டு நாள்கூட இல்லை. முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவரையும் மனைவியையும் புளியங்குளம் ஸ்டேசனில் ரயிலுக்கு விடுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். கொழும்பில் இருந்த மகளுக்கு முதல் பிள்ளைப்பேறு. "கோச்சிக்கு முன்னம் கொண்டுபோய் விடுறன், நானா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே, இப்போதைக்கு ஏதாவது செய்து தரும்படி பாஸிடம் சொன்னேன். பின்னேரம் கார் தயார் என்றார். மிதித்துப் பார்த்தேன், மிதி மேலே நின்றது.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"பாஸ், வழியில நிக்காதே?"

"நிக்காது" என்றார்.

மறுநாள் காலையில் புறப்பட்டோம். நானாவின் மனைவி மடியில் ஒரு தகரப்பெட்டியை வைத்துக்கொண்டு ஏறினார். பிறக்கப் போகிற பிள்ளைக்குத் தைத்த சட்டைகள் அதில் இருந்தன. ஒட்டுசுட்டானில் ரேடியேற்றர் கொதித்தது. வாய்க்காலில் தண்ணீர் அள்ளி ஊற்றி, சூடு ஆறும்வரை காத்திருந்ததில் அரை மணித்தியாலம் போனது. நானா மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். நான் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

நெடுங்கேணிக்குக் கிட்ட ஒரு மாட்டுப்பட்டி குறுக்கே வந்தது. மிதித்தேன். மிதி பாதிக்குப் போனது. மறுபடி மிதித்த பிறகுதான் கார் நின்றது. பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது. அங்கேயே நிறுத்தி, பஸ்ஸில் போகச் சொல்லியிருக்கலாம். கோச்சி தவறியிருக்கும், என் வாக்கும் போயிருக்கும், அவ்வளவுதான். நான் நிறுத்தவில்லை. நேரத்தைப் பிடிக்க இன்னும் வேகமாக ஓட்டினேன்.

புளியங்குளத்தில் எங்கள் றோட்டு பெரிய கண்டி றோட்டில் ஏறும். சந்தி தெரிந்ததும் மிதித்தேன். மிதி அடிப்பலகை வரை போய் அங்கேயே கிடந்தது. இரண்டு தரம், மூன்று தரம் மிதித்தேன். ஒன்றுமில்லை. கியரை இறக்கினேன், கார் உறுமியதே தவிர நிற்கவில்லை. யாழ்ப்பாணப் பக்கமிருந்து நெல் மூட்டை ஏற்றிய லொறி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதன் முகத்துக்கு முன்னால் கண்டி றோட்டைக் குறுக்கறுத்துப் போய், றோட்டுப் போடக் குவித்திருந்த சல்லிக் குவியலில் ஏறி மோதியது என் கார்.

லொறிக்காரன் நிறுத்தி இறங்கி என்னைத் திட்டியது ஒன்றும் காதில் ஏறவில்லை. என் நெற்றியால் இரத்தம் வந்தது. பின்னால் நானாவின் மனைவி வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். கை ஒரு பக்கம் மடங்கியிருந்தது. தகரப்பெட்டி திறந்து சின்னச் சட்டைகள் காருக்குள் சிதறிக் கிடந்தன.

நானா என்னைப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

"தம்பி, பிரேக் இல்லையெண்டு உமக்கு முதலே தெரியுமோ?"

"தெரியாது, நானா."

"அவரை விடுங்கோ" என்றார் அவர் மனைவி. "அவருக்கும் அடி பட்டிருக்கு." சொல்லிவிட்டு, கீழே கிடந்த சட்டைகளில் ஒன்றை நல்ல கையால் எடுத்து, நெற்றியில் வைத்து அழுத்தும்படி என்னிடம் நீட்டினார். வெள்ளைச் சட்டை. ஒரு சாண்கூட இல்லை.

கோச்சி வந்து நின்று போன சத்தம் எங்கள் மூவருக்கும் கேட்டது. அதே லொறிக்காரன்தான் அவர்களை வவுனியா ஆசுப்பத்திரிக்கு ஏற்றிப் போனான்.

சந்தியில் லொறி திருத்துகிற ஒருவர் பிரேக் எண்ணெய் டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். எஞ்சின் ஓயில் என்றார். அது பட்ட ரப்பர் ஊறின உளுந்து மாதிரி வீங்கிக் கிழிந்திருந்தது. பிரேக்குக்கு உரிய எண்ணெய் ஒரு போத்தல் நாலு ரூபா. ரப்பர் பதினாலு ரூபா.

நான் நேரே பாஸிடம் போனேன். கராச் வாசலில் கிடந்த வாங்கில் மூன்று பேர் குந்தியிருந்தார்கள். நான் கத்தி முடிக்கும்வரை அவர் போல்ற் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீர் கேட்டது வழியில நிக்குமோ எண்டு. நிக்காது எண்டனான். நிண்டதோ?"

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஏதாவது செய்து தாங்கோ எண்டதும் நீர்தானே?" என்றார். சொன்னது நான்தான்.

காரை அந்த வருடமே விற்றேன், வாங்கியவரிடம் எல்லாக் குறையும் சொல்லி, பாதி விலைக்கு. நானாவின் மனைவிக்குக் கை நேராகப் பொருந்தவில்லை. பேரப்பிள்ளையை இடது கையால்தான் தூக்குவாராம். அவர்களுடைய கடை இருக்கும் தெருவால் நான் போவதில்லை.

நானா, உங்கள் கடை மேசையில் இந்தப் பத்திரிகை கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் கேட்டீர்கள். ஓம், நெடுங்கேணியிலேயே எனக்குத் தெரியும். இன்றைக்கும் எந்த வாகனத்தில் ஏறினாலும் ஓடுமா என்று நான் கேட்பதில்லை, நிற்குமா என்றுதான் கேட்கிறேன்.

என் பங்கை எழுதிவிட்டேன். பாஸ், நீரும் இதைப் படிக்கிறவர். அந்தப் பின்னேரம் டப்பாவில் என்ன ஊற்றினீர், ஏன் எனக்குச் சொல்லவில்லை? வாங்கில் இருப்பவர்களுக்குச் சொல்லிச் சிரிக்காமல், இதே பக்கத்தில் ஊர் படிக்க எழுதும்.