லீவு போடாதவர்கள்

முதலில் வந்தவர் தாள்காரர். ஆபீஸ் பிரிண்டரில் எடுத்த நாற்பது பக்கத்தைக் கையில் வைத்திருந்தார். பின்னால் அவருடைய ரூம்மேட். அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவர். அடுத்து, ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிற இரண்டு பேர். ஒருவர் ஆரம்பித்த பேச்சை மற்றவர் முடிப்பார். பிறகு யாழ்ப்பாணத்துப் பல் டாக்டர். சான் ரமோனிலிருந்து கார் ஓட்டி வந்த ஒரு பெண். அந்தப் பெண்ணின் கணவர்.

ஏழு பேர். நான் தண்ணீர் ஜக்கோடு நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் எண்ணவில்லை.

சன்னிவேலில், எல் கமினோ ரியல் சாலை மேல் இருந்த ஹோட்டலில் எனக்குச் சமையல் வேலை. மதியம் மூன்றுக்கு மூடி ஐந்துக்குத் திறப்போம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு இவர்கள் பெரிய மேஜையைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். ஒய்-டூ-கே, இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று எல்லோரும் பதறிக்கொண்டிருந்த வருடம். வர வேண்டிய எட்டாவது ஆள் அதிலேதான் மாட்டிக்கொண்டார். ஆபீசை விட்டு வர முடியாது என்று போன் செய்தார்.

இவர்கள் ஆடியது ஃபேன்டஸி ஃபுட்பால். இங்கே ஃபுட்பால் என்றால் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. டிவியில் ஆடுகிற ஆட்டக்காரர்களை இவர்கள் முறை வைத்து ஏலம் இல்லாமல் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது. ஆளுக்குப் பத்துப் பேர். வாரா வாரம் அதில் ஆறு பேரை இறக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மைதானத்தில் என்ன செய்கிறார்களோ அது இவர்களுக்குப் புள்ளி. ஒவ்வொரு வாரமும் இருவர் இருவராக மோதல். ஆகவே இரட்டைப்படை வேண்டும். ஏழு பேர் உதவாது.

தாள்காரர் என்னைப் பார்த்தார்.

“மாஸ்டர், சும்மா ஒப்புக்கு ஒரு ஆளா உக்காருங்க. உங்களுக்கு நாங்களே பிக் பண்ணித் தர்றோம். அடுத்த வாரம் அவன் வந்து டீம எடுத்துக்குவான்.”

“உக்கார்றேன். ஆனா நானே எடுப்பேன். நான் எடுத்தா அது என் டீம்.”

சிரித்தார்கள். ரூம்மேட் எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்.

“சரி மாஸ்டர், ஒரு ரூல் வச்சுக்கலாம்” என்றார் தாள்காரர். “சீசன் முடிவுல யார் கடைசியோ, அவங்க சேர் போச்சு. அடுத்த வருஷம் அந்த சேர் இன்னைக்கு வராதவனுக்கு. ஓகேவா?”

அது யாருக்காக வைத்த ரூல் என்று எனக்குத் தெரியும். மேஜையில் எல்லோருக்கும் தெரியும்.

“ஓகே” என்றேன். ஏப்ரனைக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எண் நன்றாக வரும். ஹோட்டல் டிவியில் ஞாயிறு காலை பத்து மணிக்கே ஆட்டம் ஆரம்பித்துவிடும். நான்கு வருடமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் பாத்திரம் கழுவுகிற மெக்சிகோக்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதைப் போலத்தான். உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் நகர்த்தி நகர்த்திக் காட்டுவார். ஆட்டக்காரர்களின் பெயர் எங்கள் இருவர் வாயிலும் வராது. சட்டை நிறமும் முதுகில் உள்ள எண்ணும்தான் எங்களுக்குப் பெயர்.

எவர்சில்வர் டம்ளரில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். எனக்கு எட்டு வந்தது. கடைசி. ஆனால் எட்டாவது ஆள் எடுத்ததும் வரிசை அப்படியே திரும்பும். அதனால் நான் அடுத்தடுத்து இரண்டு பேரை எடுக்கலாம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வழி இருந்தது. கம்பெனிக்காரர்கள் இருவரும் பந்தை எறிகிறவர்களை முதலில் எடுத்தார்கள். “பந்து எப்பவும் அவன் கையிலதான் இருக்கு” என்றார் ஒருவர். “அப்ப பாயின்ட்டும் அவன்கிட்டதான்” என்று முடித்தார் மற்றவர். சான் ரமோன் பெண் தூக்கிக்கொண்டு ஓடுகிறவராகப் பார்த்து எடுத்தார். “நல்லா ஓடுறவங்க கொஞ்சம் பேர்தான் இருக்காங்க. எறியறவங்க அப்புறமும் கிடைப்பாங்க” என்றார். கணவர் மனைவியின் தாளைப் பார்த்து அடுத்த வரியைப் படித்தார். பல் டாக்டர் ஒரே அணியிலிருந்து எறிகிறவர், பிடிக்கிறவர், ஓடுகிறவர், உதைக்கிறவர் என்று நான்கு பேரைச் சேர்க்கப்போவதாகச் சொன்னார். “அவன் எறிய, இவன் பிடிக்க, ரெண்டு பக்கத்தாலயும் புள்ளி வரும் பாருங்கோ.”

தாள்காரர் தன் நாற்பது பக்கத்தைத் தட்டினார்.

“கிரிக்கெட்ல நாம எதைப் பாக்குறோம்? ஆவரேஜ். அதே லாஜிக்தான். ஒரு மேட்சுக்கு எத்தனை பாயின்ட்னு சார்ட் பண்ணிட்டேன். டாப்ல யாரு பாருங்க.”

அவருக்கு முதல் முறை கிடைத்திருந்தது. ஆரஞ்சுச் சட்டை ஓட்டக்காரர் ஒருவரை எடுத்தார். ரூம்மேட் தலையாட்டினார்.

“தம்பி, அவர் போன வருஷம் எத்தனை நாள் ஆடினார்?” என்று கேட்டேன்.

“ஆறு மேட்ச். ஆனா ஆவரேஜப் பாருங்க மாஸ்டர், மிரட்டுது.”

“பதினாறுல ஆறு நாள் வர்ற ஆளை நான் கிச்சன்ல வச்சுக்க மாட்டேன்.”

“இது கிச்சன் இல்ல மாஸ்டர்.”

“சரி.”

கிரிக்கெட்டில் ஆடாத ஆட்டம் சராசரியைக் கெடுக்காது. இங்கே ஆடாத ஆட்டம் சைபர். அவ்வளவுதான் விஷயம். இத்தனை படித்தவருக்கு அதைச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை.

எனக்கு ஒரு வழிதான் தெரியும். எங்கள் கிச்சன் சுவரில் காலண்டர் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். யார் எந்த நாள் லீவு என்று அதில் பெருக்கல் குறி போடுவேன். தோசைக்கல் இரண்டு. இரண்டு கல்லுக்கும் உரியவர்கள் ஒரே நாளில் லீவு என்றால் அன்று கடை இல்லை. ஆட்டக்காரர்களுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு அணிக்கும் சீசனில் ஒரு வாரம் ஓய்வு உண்டு. அது போக அடிபட்டு உட்காருகிறவர்கள். போன இரண்டு சீசனும் மெக்சிகோக்காரரும் நானும் அதே காலண்டரின் பின்பக்கம் அவர்களுக்கும் குறி போட்டு வந்தோம். பொழுது போகப் போட்டதுதான். குறி விழாத எண்கள் எனக்கு மனப்பாடம்.

என் முறை வந்தது.

“பச்சைச் சட்டை இருபத்தொன்பது” என்றேன்.

சான் ரமோன் பெண் பத்திரிகையைப் புரட்டி ஒரு படத்தைக் காட்டினார். “இவரா அண்ணா?”

“அவர்தான்.”

“ஒன்றும் மோசமில்லை” என்றார் பல் டாக்டர்.

“ரெண்டாவது, வெள்ளைச் சட்டை மூணாம் நம்பர். உதைக்கிறவர்.”

மேஜை குலுங்கியது.

“கிக்கரா! செகண்ட் ரவுண்ட்ல கிக்கரா!” தாள்காரர் எழுந்தே நின்றுவிட்டார். “மாஸ்டர், கிக்கரை எல்லாரும் கடைசி ரவுண்ட்லதான் எடுப்பாங்க.”

“எடுக்கட்டும்.”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“கேட்டுக்கிட்டேன் தம்பி. அவர்தான் வேணும். எழுதுங்க.”

எழுதினார். பேனாவை அழுத்தி எழுதினார்.

பத்துப் பேரையும் அப்படியே எடுத்தேன். ஓய்வு வாரம் ஒன்றோடு ஒன்று இடிக்காமல் பார்த்துக்கொண்டேன். கையில் தாள் இல்லை. மணி ஐந்தானதும் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

எட்டாவது ஆள் மறு வாரம் சாப்பிட வந்தார். நல்ல மனுஷன். “உங்க டீமே இருக்கட்டும் மாஸ்டர், நான் அடுத்த வருஷம் வர்றேன்” என்றார். என் நாற்காலி அடுத்த வருடம் காலியாகும் என்று அவரிடம் உறுதியாகச் சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமைதோறும் ஆறு எண்களை ஆர்டர் சீட்டில் எழுதித் தாள்காரரிடம் கொடுப்பேன். வாங்கும்போது ஏதாவது சொல்வார். “மாஸ்டர், கிக்கர் எப்படி இருக்கார்? சாம்பார்ல உப்பு போட்டுட்டாரா?” நான் பில்லைக் கொடுப்பேன்.

மூன்றாம் வாரம் ஆரஞ்சுச் சட்டைக்கு முழங்கால் போயிற்று. ஏழாம் வாரம் பல் டாக்டர் நேராகக் கிச்சன் வாசலுக்கே வந்துவிட்டார்.

“என்ர ஆக்கள் நாலு பேரும் ஒரே கிழமை லீவு, அண்ணை! இனி நான்தான் இறங்கி ஓட வேணும் போல.”

“ஓடுங்க டாக்டர். பல்லு ஜாக்கிரதை.”

அவர் சிரித்த மாதிரி அந்த மேஜையில் யாரும் தன்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

என் அணியும் பறக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். என் ஆட்கள் வந்தார்கள், வேலை பார்த்தார்கள், போனார்கள். பெரிய புள்ளி கிடையாது. யாராவது ஒருவர் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிற வாரத்தில் நான் தோற்றேன். பதின்மூன்று வாரம் முடிந்தபோது ஒன்பது தோல்வி, நான்கு வெற்றி. தாள்காரருக்கும் அதே நான்குதான். கடைசி வாரம் அவருக்கும் எனக்கும் மோதல். தோற்றவர் கடைசி. தோற்றவர் நாற்காலி போகும்.

அந்தச் சனிக்கிழமை சீட்டு கொடுக்கும்போது அவருடைய பட்டியலைப் பார்த்தேன். முதல் வரியில் ஆரஞ்சுச் சட்டை. முழங்கால் தேறி அந்த வாரம்தான் திரும்பி வருகிறார்.

மெக்சிகோக்காரர் காலையிலேயே ஸ்பானிஷ் ரேடியோவில் கேட்டுச் சொல்லியிருந்தார். ஆரஞ்சுச் சட்டைக்குக் கால் இன்னும் சரியாகவில்லை. வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு வந்து பாதியில் போய்விட்டார்.

“தம்பி, இவர் வேணாம்” என்றேன். “கால் இன்னும் தேறல.”

தாள்காரர் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“மைண்ட் கேமா மாஸ்டர்? நீங்களா? என்கிட்டயா?”

“இல்ல. உள்ளதைச் சொன்னேன்.”

“சார்ட்ல இப்பவும் அவன்தான் டாப்.”

“சரி.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி ஆட்டத்துக்கு எல்லோரும் டிவிக்குக் கீழே வந்து உட்கார்ந்தார்கள். நானும் மெக்சிகோக்காரரும் கிச்சன் வாசலில் நின்றோம். என் கையில் உளுந்து மாவு. காலை ஆட்டங்களில் என் ஆறு பேரில் ஐந்து பேர் முடித்திருந்தார்கள். உதைக்கிறவர் ஒன்பது புள்ளி. அது அதிகமில்லை, குறைவுமில்லை. என் மொத்தம் நாற்பத்தொன்று. தாள்காரர் முப்பத்தெட்டு, ஆரஞ்சுச் சட்டை ஒருவர்தான் பாக்கி. எனக்கும் ஒரு பிடிக்கிறவர் பாக்கி, அதே ஆட்டத்தில். அவர் கையில் அன்று பந்தே வரவில்லை.

ஆரஞ்சுச் சட்டை முதல் தடவை ஓடினார். ரூம்மேட் கை தட்டினார். இரண்டாவது தடவை ஓடினார். விழுந்தார். எழுந்தார். மூன்றாவதுக்கு நிற்கவில்லை, கோட்டுக்கு வெளியே நடந்து போய், ஹெல்மெட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்தார்.

இரண்டு ஓட்டத்துக்கு ஒரு புள்ளி கூடத் தேறவில்லை. மூன்று மணி நேரமும் தாள்காரர் அந்த பெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மாவை எடுத்து வைத்துவிட்டுக் கை கழுவினேன்.

சீசனை ஜெயித்தவர் சான் ரமோன் பெண். ஓடுகிறவர்களை முதலில் எடுப்பது நல்ல வழிதான், ஒத்துக்கொள்கிறேன். எறிகிறவர்களை எடுத்த இருவரும் நடுவில். நான் ஏழாவது. எட்டில் ஏழாவது.

மறு வருடம் அதே மேஜை, அதே மூன்று மணி. காத்திருந்த எட்டாவது ஆள் வந்திருந்தார். தாள்காரரும் வந்திருந்தார், இந்தத் தடவை ஐம்பது பக்கத்தோடு. நான் ஏப்ரனோடு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

“அந்த ரூல்லாம் சும்மா ஜாலிக்கு சொன்னது” என்றார் தாள்காரர். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“எனக்கு வச்சப்ப அது ஜாலியா, தம்பி?”

பல் டாக்டர் தண்ணீர் குடித்தார்.

“வச்சது தப்புதான் மாஸ்டர்” என்றார் தாள்காரர். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“அப்ப உக்காருங்க. நீங்களும் உக்காருங்க, அவரும் உக்காரட்டும்.”

“ஒன்பது பேர் ஆயிடுமே. ஆட் நம்பர். எப்படி மேட்ச் போடுறது?”

“பத்தாவது ஆள் உள்ள பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கார்.”

“மாஸ்டர், அவருக்கு நம்ம பேச்சு...”

“என்னைவிட அவருக்கு ஆட்டம் தெரியும். எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவர்தான். அவர் உக்காந்தா நான் உக்காருவேன். இல்லேன்னா நீங்க வேற மேஜை பாத்துக்குங்க.”

கிச்சனைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் கையில் எங்கள் காலண்டர் தாள் இருந்தது, பின்பக்கம் முழுக்கப் பெருக்கல் குறி. சான் ரமோன் பெண் நகர்ந்து இடம் விட்டார். கணவர் பக்கத்து மேஜையிலிருந்து நாற்காலி இழுத்துப் போட்டார்.

தாள்காரர் டம்ளரில் சீட்டுப் போட்டார். நான் வாங்கி எண்ணிப் பார்த்தேன்.

பத்து.