கிணற்றடியில் விட்ட புல்

ஈர மண்ணில் மண்வெட்டி உராயும் ‘சறக், சறக்’ சத்தமும் வேரோடு பெயர்ந்த புல்லின் பச்சை மணமும் சேர்ந்து வந்தால் பங்குனி பிறந்துவிட்டது என்று அர்த்தம். மாரி மழையில் முழங்கால்வரை வளர்ந்த புல்லைச் சித்திரை வருடப்பிறப்புக்கு முன் ‘செருக்கி’த் தள்ளி, ஆற்றுமணல் பரப்பி, விளக்குமாற்றின் கோடு தெரியக் கூட்டி வைத்தால்தான் அது வீடு, இல்லாவிட்டால் காடு என்பது அம்மாவின் கட்சி. வாசலின் இரு பக்கமும் செவ்வந்தி நடுவார், குசினிக்குப் பின்னால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பாத்தி கட்டுவார், வருடப்பிறப்பன்று பொங்கல் பானை வைக்கும் இடத்தைச் சாணகத்தால் மெழுகுவார்.

ஐம்பதுகளில், குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வன்னியில் கண்டாவளைப் பக்கம் வந்தவர்கள் நாங்கள். நாங்கள் ‘ஐயா’ என்று அழைத்த எங்கள் தகப்பனார், அங்கே இருந்த காலத்தில் ஒரு பசுவுக்குப் புல் சேர்க்க வெயிலில் ஊர் ஊராக அலைந்தவர். வன்னியிலோ புல் தானாக வந்து வாசலில் நின்றது. யாழ்ப்பாணத்து மனிதனுக்கு அதைவிடப் பெரிய செல்வம் வேறென்ன வேண்டும்? அந்த ஆசைதான் எங்கள் குடியைக் கெடுத்தது.

அந்தப் பங்குனியில் என் தங்கை பவானிக்கு ஐந்து வயது. அவளிடம் ஒரு வெள்ளை ஆட்டுக்குட்டி இருந்தது. முற்றம் முழுவதும் செருக்கி முடித்து ஐயா கிணற்றடிக்கு வந்தபோது, குளிக்கும் தண்ணீர் பாய்ந்து அங்கே மெத்தென்று வளர்ந்திருந்த புல்லில் அவள் குட்டியோடு படுத்துக்கொண்டு எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஐயா மண்வெட்டியைச் சாத்திவிட்டுச் சிரித்தார்.

“இஞ்சருங்கோ, அதையும் செருக்கி விடுங்கோ. பூச்சி பூரான் வந்து கிடக்கும்” என்றார் அம்மா.

“இருக்கட்டுமப்பா. அங்கை இதுக்காக எவ்வளவு தூரம் நடந்தனான் தெரியுமே? பச்சையைக் கண்டால் வெட்டக் கை வருகுதில்லை.”

இப்படித்தான் ஒரு பாய் அகலப் புல் எங்கள் முற்றத்தில் தங்கியது.

வருடப்பிறப்புக்குச் சில நாட்கள் இருக்க, ஒரு மாலையில் குட்டியைப் பிடித்து வர ஓடிய பவானி ஒரேயொரு முறை கத்தினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது புடையன் பாம்பு புல்லை விட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துக் காணி மீரான் காக்கா பதறியடித்துக்கொண்டு வண்டிலைப் பூட்டி வந்தார். விஷக்கடிப் பரியாரியார் வீட்டை நோக்கி மாடுகள் ஓடின. ஐயாவின் மடியில் கிடந்த பவானி, நா குழற, “ஐயா, குட்டிக்குப் புல்லு இருக்குத்தானே?” என்று கேட்டாள். “ஓம் ராசாத்தி, இருக்கு” என்றார் ஐயா. பரியாரியார் வீட்டுப் படலையடியில் வண்டில் நின்றபோது அவள் உயிரோடு இல்லை.

பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த ஐயா, குளிக்கவும் இல்லை, நேரே மண்வெட்டியைத் தூக்கினார். அந்த வருடம் எங்கள் வீட்டில் பொங்கவில்லை. அம்மா அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தால் அவர் ஆறியிருப்பாரோ என்று எனக்கு இப்போதும் தோன்றும். புல் முளைத்ததோ இல்லையோ, விடிந்தால் கிணற்றடியில் போய் நின்று செருக்குவார். செருக்கிச் செருக்கி அந்த இடம் பள்ளமாகிவிட்டது. அம்மா மணல் கொட்டி நிரப்புவார், அவர் மறுபடி செருக்குவார். கடைசியில் ஒருநாள் அம்மா அவர் கையிலிருந்து மண்வெட்டியை மெல்ல வாங்கினார்.

“போதுமப்பா. இனி அங்கை ஒண்டுமில்லை.”

அன்றுதான் ஐயா வாய்விட்டு அழுதார்.

அந்த வீடும் செவ்வந்தியும் யுத்தத்தோடு போயின. கிணற்றையும் தூர்த்துவிட்டார்கள். ஐயாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். அதே காணியில் என் மகன் கல்வீடு கட்டி, விலைக்குப் புல் வாங்கி முற்றமெல்லாம் பதித்திருக்கிறான். சித்திரை நெருங்கினால் இயந்திரத்தால் சீராக வெட்டி, குழாயால் தண்ணீர் அடிக்கிறான். பார்க்க அழகுதான், பொய் சொல்லக்கூடாது. பின்னேரத்தில் பேத்தி அதில் வெறுங்காலோடு விளையாட ஓடிவருவாள். அவளை வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு கம்போடு நான் முதலில் இறங்கிப் புல்லைத் தட்டிக்கொண்டு போவேன்.

“அப்பா, இது கடையிலை வாங்கின புல்லு. இதுக்குள்ளை என்ன இருக்கப்போகுது?” என்று மகன் சிரிக்கிறான்.

ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே தட்டுகிறேன்.