மூன்றாவது சோடி வில்லு

அச்சுவேலியில் கராஜ் வைத்திருந்த அந்த மெக்கானிக், இடுப்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடிதான் நடப்பார். லொறிக்கு அடியில் அகப்பட்ட முதுகு.

என் மனைவிக்கு முள்ளந்தண்டில் நோய். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் படுத்தபடிதான் போகலாம். என்னிடம் இருந்ததோ ஒரு பிக்கப். அது விழுந்த ஒவ்வொரு குழிக்கும் அவள் நோவில் குழறினாள். அவரிடம் ஓடினேன்.

பிக்கப்பின் பின்சில்லுகளில் குலுக்கலைத் தாங்கும் தட்டை வில்லுகளைக் கழற்றி எறிந்தார். வெளிநாட்டுச் சாமான் வராத காலம். உடைத்துப் போட்ட கார்களின் சுருள் வில்லுகளுக்குள் மோட்டார் சைக்கிள் சொக்கப்சோபர்களைச் செருகிப் பூட்டினார். பிறகு, அவள் படுக்கும் இடத்தில் தானே மல்லாந்து படுத்தார்.

"ஓட்டும் தம்பி. எனக்கு நொந்தால் அவவுக்கும் நோகும்."

ஆஸ்பத்திரி வழியிலிருந்த மதகடிப் பள்ளத்தில் விழுந்ததும் "ஐயோ!" என்றார். வேறு சோடி போட்டார். அதற்கும் "ஐயோ!" மூன்றாவது சோடிதான் கடைசி. விடிந்தால் ஆஸ்பத்திரி.

இம்முறை சத்தமே இல்லை. இறங்கி ஓடினேன்.

"நோகேல்லையோ அண்ணை?"

"இல்லைத் தம்பி. நாளைக்கு அவவை ஏத்தும்."

கீழுதட்டில் பல் பதிந்து இரத்தம் கசிந்திருந்தது. அவரை அறையவும் வேண்டும் போலிருந்தது, காலில் விழவும் வேண்டும் போலிருந்தது.

மறுநாள் அதே பள்ளம் கடந்ததும், பின்னால் படுத்திருந்த மனைவியிடம் முன்னுக்கிருந்தே கத்திக் கேட்டேன்.

"நோகுதோ?"

"இல்லையப்பா."

நான் வண்டியை நிற்பாட்டவில்லை. அவளுடைய உதட்டைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.