பேட்டரி மேல் போட்ட பழி

என் அம்மாவின் பெயர் யோலாங்கா. மூரா ஆற்றுக்கு இந்தப் பக்கம் உள்ள ஊர்களில் "கூடைக்கார யோலாங்கா" என்றால்தான் தெரியும். தையல் ஆலையில் இருபத்தாறு வருடம் கோட்டுகளுக்குக் கை வைத்துத் தைத்தவள். ஆலை மூடியதும், ஆஸ்திரியாவில் ஏலத்துக்கு வந்த, ஆளை உயரே தூக்கும் பழைய லிஃப்ட் வண்டி ஒன்றை வாங்கி, காரின் பின்கொக்கியில் மாட்டி இழுத்து வந்தாள். மடங்கிக் கிடக்கும் நீண்ட இரும்புக் கை, அதன் நுனியில் இரண்டு பேர் நிற்கும் கூடை, தரையில் ஊன்ற நான்கு கால்கள். அவ்வளவுதான் அந்த வண்டி.

எங்கள் ஊரில் சொந்த வீட்டுச் சுவருக்குக் கூலியாள் வைக்க மாட்டார்கள். எழுபதுகளில் ஜெர்மனியில் உழைத்த காசில், விடுமுறைக்கு விடுமுறை வந்து அவரவர் கையால் எழுப்பிய வீடுகள் இவை. வண்ணமும் அவரவர்தான் அடிக்க வேண்டும். அதனால் அம்மா ரோலரைத் தொடுவதில்லை. வீட்டுக்காரர் ரோலரோடு கூடையில் நிற்பார். பக்கத்தில் நின்று அம்மா கூடையை நகர்த்துவாள்.

வண்டியை நிறுத்தியதும் முதலில் கடப்பாரையால் புல்தரையைக் குத்திப் பார்ப்பாள். இங்கே எந்த வீட்டுக்கும் வரைபடம் கிடையாது. பழைய தண்ணீர்த் தொட்டி எங்கே புதைந்திருக்கிறது என்பது வீட்டுக்காரருக்கே மறந்திருக்கும். பிறகு ஓக் பலகை போட்டு, அதன்மேல் கால்களை இறக்குவாள். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கும்வரை யாரோடும் பேச மாட்டாள். அந்தக் கோடையில் பலகை எடுத்துப் போட்டது நான். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. தலைநகர் லூப்லியானாவில் சமூகவியல் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் ஊர் திரும்பியிருந்தேன்.

அந்த வாரம் அம்மாவுக்கு ஒரே நினைப்பு. தேவாலயத்தின் வெளிச்சுவர் முழுவதையும் சபையாரே பழுதுபார்க்கப் போகிறார்கள், அதற்கு லிஃப்ட் வேண்டும். அந்த வேலையை நகரத்து நிறுவனம் ஒன்றும் கேட்டிருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக்குழு முடிவு செய்யும். கிடைத்தால் இலையுதிர்காலம் முழுக்க வேலை. கிடைக்காவிட்டால் எல்லை தாண்டி ஹோட்டல் அறைகளைக் கூட்டப் போக வேண்டும்.

சனிக்கிழமை காலை வெண்டெல் வீட்டில் வேலை. ஓய்வுபெற்ற தபால்காரர், எழுபத்தொரு வயது. எதிர்வீட்டு எவ்கென் சபைக்குழுவில் இருக்கிறார். வேலிமேல் கையூன்றி அவர்தான் ஆரம்பித்தார்.

"என்ன வெண்டெல், யோலாங்கா உன்னை மேலே தூக்கிட்டுப் போறாளா? சந்தைக்குக் கோழி கொண்டுபோற மாதிரியில்ல இருக்கு!"

வெண்டெலின் காது சிவந்தது. "தனியாத்தான் போறேன். நீ ஏணியில மூணாம் படியைத் தாண்டி யாராவது பார்த்திருக்காங்களா?"

"நான் ஏறினா ஏணி உடைஞ்சிடும். ஏணி மேல இரக்கப்பட்டு ஏறல."

அம்மா மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு பேருமே போலாம் வெண்டெல். எனக்கும் காத்து வாங்கினாப்ல இருக்கும்."

"வேணாம். கூடையை ஓட்டற அந்தக் குச்சியை எப்படித் திருப்பறதுன்னு மட்டும் காட்டு."

பெல்ட்டைத் தானே மாட்டிவிட்டு, இடுப்புயரத்தில் மூன்று முறை ஓட்டிப் பழக்கிய பிறகுதான் அம்மா அவரை விட்டாள். கூடை ஏறியது. கூரைக்குக் கீழே முக்கோணச் சுவரின் உச்சியில் வெண்டெல் ஒரு பட்டை மஞ்சள் அடித்தார். அடுத்த பட்டையில் ரோலர் நின்றுவிட்டது. அதிலிருந்து வண்ணம் சுவரில் கோடாக வழிந்தது. அவர் துடைக்கவில்லை. இடது கை கம்பியைப் பிடித்தபடி வெளுத்திருந்தது. தெருவில் அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

அம்மா வண்டியடியில் இருந்த விசைகளுக்குப் போனாள்.

"வெண்டெல், பேட்டரி இறங்கிடுச்சு!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். "ராத்திரி சார்ஜ் போட மறந்துட்டேன். மிச்ச சார்ஜுல நான் இறக்கறேன், அப்படியே நில்லுங்க."

நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். சார்ஜ் காட்டும் பச்சை விளக்குகள் ஐந்தும் எரிந்துகொண்டிருந்தன.

"மறந்துட்டியா?" என்றார் எவ்கென். "கோயில் சுவர்ல பாஸ்டர் ஏறி நிக்கறப்பவும் மறந்துடுவியோ?"

"பாஸ்டர் மேலேயே இருந்தா பிரசங்கம் சீக்கிரம் முடியும்," என்றாள் அம்மா.

எவ்கென் சிரிக்கவில்லை.

வரும் வழியில் கேட்டேன். "ஏம்மா பொய் சொன்னே? அவருக்குத் தலை சுத்திச்சுன்னு சொல்லியிருக்கலாமே."

"அதை அவரு சொல்லலாம். நான் சொல்லக் கூடாது."

"அப்போ கோயில் வேலை?"

"பலகையெல்லாம் எடுத்து வெச்சியா?" என்றாள்.

அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அது நேர்மைக்காகவா, கோயில் வேலைக்காகவா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அதற்கு எந்த வகுப்பிலும் விடை எழுதிய நினைவில்லை.

ஞாயிறன்று ஆராதனை முடிந்து கூடத்தில் கூட்டம். எவ்கென் எழுந்தார். "வண்டியைக் குறை சொல்லல. ஆனா ஆளை மேலே நிறுத்திட்டு, சார்ஜ் போடலன்னு சொன்னா எப்படி?"

பலர் தலையசைத்தார்கள். அம்மா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வரிசையில் வெண்டெல் எழுந்தார். அவர் குழுவில்கூட இல்லை.

"பேட்டரி நல்லாத்தான் இருந்தது. எனக்குத்தான் காலு ரெண்டும் மரத்துப்போச்சு, கம்பியிலேர்ந்து கையை எடுக்க முடியல. எழுபத்தாறாம் வருஷம் அந்தச் சுவர் உச்சியைக் கட்டினதும் நான் இல்ல. என் பொண்டாட்டி. நான் கீழே கலவை போட்டேன்."

சன்னல் பக்கமிருந்து ஒரு பெண்குரல்: "அதான் அவ்வளவு நேரா நிக்குது!"

கூடமே சிரித்தது. வெண்டெலும் சிரிக்கப் பார்த்தார், முடியாமல் உட்கார்ந்துவிட்டார். வாக்கெடுப்பில் இரண்டு பேர்தான் அம்மாவுக்கு எதிராக நின்றார்கள். எவ்கென் மேற்கூரையைப் பார்த்தபடி ஆதரவாகக் கை தூக்கினார்.

வெளியே வந்ததும் அம்மா வெண்டெலைப் பிடித்துக்கொண்டாள். "உங்களை யாரு எழுந்திரிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"நாளைக்கு எட்டு மணிக்கு வரேன். ரெண்டு பேரும் சேர்ந்து போறோம்."

மறுநாள் மதியம்வரை ஆனது. வெண்டெல் சுவரை மட்டுமே பார்த்து அடித்தார். நடுவில் மூன்று முறை இறக்கச் சொன்னார், மூன்று முறையும் அம்மா ஏனென்று கேட்காமல் இறக்கி மறுபடி ஏற்றினாள். எதிர்வீட்டு வேலியில் யாரும் இல்லை. உருளைக்கிழங்குக்கு மண் அணைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எவ்கென் காலையிலேயே வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.