லைட் ஹவுஸுக்கு வீடு பார்க்கப் போனோம்

வலது முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நெடி தாங்காமல் வீட்டில் ஒருவரும் கிட்டே வருவதில்லை. காரணம் – போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு லைட் ஹவுஸில் ஏறி இறங்கியது.

நாமக்கல்காரனுக்கு லைட் ஹவுஸில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நமக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் மேட்டூர் டேம். அதிலும் மழை பொய்த்த வருஷம் தரை தெரியும்.

கடல் பார்க்கப் போகவில்லை. வீடு பார்க்கப் போனோம்.

என் அக்கா மகள் கோமதிக்கு வரன் பார்க்கிறார்கள். பார்க்கிறார்கள்... பார்க்கிறார்கள்... பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் தாய்மாமன். எனவே மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போகும் கூட்டத்தில் எனக்கு ஒரு சீட் நிச்சயம். அவர்கள் பெண்ணைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டால், அடுத்து நாங்கள் போய் அவர்கள் வீடு, கிணறு, மாடு, தோட்டம் எல்லாம் பார்ப்போம். திருப்தி என்றால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். கை நனைத்தாகிவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. திருப்தியில்லை என்றால் வயிறு காய்ந்தாலும் ஒரு வாய் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட வேண்டும்.

அக்கா புருஷர் ராமசாமி மாமா இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். கோமதிக்காக அவர் எத்தனை வீடு பார்த்துத் தள்ளியிருக்கிறார் என்ற கணக்கை நான் விட்டுவிட்டேன். ஒரு வீட்டில் கிணறு தப்பான மூலையில் இருந்தது. ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் அண்ணன் எங்களைப் பார்த்ததும் பீடியைக் கீழே போடவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் எல்லாமே பொருந்தியிருந்தது – எருமையைத் தவிர.

"எருமை எளச்சுக் கெடக்குது மாப்ள. மாட்டுக்கே தீனி போடாதவன் நம்ம புள்ளைக்கு என்னத்தப் போடுவான்?"

மாமா சொன்னால் சொன்னதுதான். கோமதியோடு படித்த பெண்களின் குழந்தைகள் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்துவிட்டன. முன்பெல்லாம் நாங்கள் திரும்பி வந்ததும் வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்ப்பாள். இப்போது பார்ப்பதில்லை. காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அந்தக் காப்பியை நான் பாதியிலேயே வைத்துவிடுகிறேன்.

இந்த முறை வந்த வரன் எடப்பாடிப் பக்கத்துப் பையன். செல்வராசு என்று பெயர். சித்திரையில் லீவில் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனான். அவன் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். மத்திய சர்க்கார் வேலை என்றதும் மாமா முகத்தில் வெளிச்சம். என்ன வேலை என்று கேட்டதும் வெளிச்சம் அணைந்துவிட்டது. கன்னியாகுமரிப் பக்கம் முட்டத்தில், லைட் ஹவுஸில் விளக்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

"எடப்பாடி ஊட்டைப் பாத்து என்ன மாப்ள பண்றது? புள்ளை இருக்கப் போறது அங்கயல்ல? அதைத்தான் பாக்கோணும்."

சரி, போவோம் என்றேன். பெண்ணை வீடு பார்க்கக் கூட்டிப் போகிற வழக்கம் கிடையாது. ஆனால் இந்த முறை அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். அவ்வளவு தூரத்தில் குடியிருக்கப் போகிறவள் ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும் என்றாள். மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். கன்னியாகுமரிக்கு டூர் போகிறோம், போகிற வழியில் லைட் ஹவுஸைப் பார்க்கிறோம். அவ்வளவுதான்!

அப்படியே கடுதாசி போட்டார். அப்படியே பதிலும் வந்தது. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். யாரும் எதுவும் சொல்லவில்லை. நம்மூரில் பாதிக் கல்யாணம் இப்படித்தான் நடக்கிறது, இல்லையா?

வாடகை மெட்டடார் வேனில் ராத்திரி முழுக்கக் குலுங்கிக்கொண்டு போனோம். விடிந்ததும் புளிசாதம் சாப்பிட்டோம். மத்தியானத்துக்கு என்று அக்கா கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதம் நாகர்கோவிலைத் தாண்டும்போதே புளித்து நுரைத்துவிட்டது. ரோட்டோரத்தில் காக்காய்க்குக் கொட்டினோம். அதன் அருமை அப்போது தெரியவில்லை.

முட்டத்தில் இறங்கியதும் காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. முதலில் கண்ணில் பட்டது பாறைகள்தான். நம்மூர்க் கோட்டைப் பாறையை யாரோ துண்டு துண்டாக உடைத்துக் கடலுக்குள் உருட்டிவிட்ட மாதிரி. அலை வந்து ஒவ்வொன்றையும் அறைந்துவிட்டுப் போகிறது. கோமதி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். மாமாவும் ரொம்ப நேரம் பார்த்தார். பரவாயில்லையே, மனுஷன் ரசிக்கிறாரே என்று நினைத்தேன்.

"வெடி வெச்சா நல்ல ஜல்லி தேறும்," என்றார்.

செல்வராசின் அப்பா இல்லை. அம்மாதான் மகனுக்குச் சமைத்துப் போட, லைட் ஹவுஸை ஒட்டிய குவார்ட்டர்ஸில் வந்து தங்கியிருக்கிறார். வாசலுக்கே ஓடி வந்தார்.

"வாங்க சாமி, வாங்க... பிரயாணமெல்லாம் நல்லா இருந்துச்சுங்களா? உள்ள வாங்க. காப்பி போடறனுங்க."

"காப்பியை உட்டு வெகு நாளாச்சுங்க," என்றார் மாமா.

விடிகாலையில் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் இரண்டு காப்பி குடித்தவர். சரி, மோராவது கொண்டு வருகிறேன் என்றார் அந்தம்மா. மோர் சேராது என்றார் மாமா. தண்ணீர்? இப்போதுதான் குடித்தோம். நான் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு சிரித்து வைத்தேன்.

பிறகு ஆரம்பித்தது பரிசோதனை. பாவம், மாமாவுக்குத்தான் பிடி கிடைக்கவில்லை. பார்ப்பதற்கு எருமை இல்லை, கட்டுத்தறி இல்லை, களத்துமேடு இல்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். அது வெள்ளைக்காரன் கட்டிய சுவர். விரல்தான் வலித்திருக்கும்.

"கிணறு எங்கீங்க தம்பி?" என்று செல்வராசைக் கேட்டார்.

"இருக்குதுங்க. ஆனா உப்புத் தண்ணிங்க. குடிக்கிறதுக்கு நல்ல தண்ணி வெளியிலிருந்துதான் வரோணுமுங்க."

மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். எருமை விஷயத்திலும் அதே பார்வைதான்.

செல்வராசு லைட் ஹவுஸைச் சுற்றிக் காட்டக் கூப்பிட்டான். மாமாவுக்கு உயரம் ஆகாது, தலை சுற்றும். அக்காவுக்கு மூச்சு வாங்கும். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியுமா? தாய்மாமன் எதற்கு இருக்கிறான்? ஏறினேன். வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் போகும் படிகள். பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு, இது வெள்ளைக்காரன் காலத்ததா என்று கேட்டேன். தெரிந்த விஷயம்தான். மூச்சு விட ஒரு சாக்கு வேண்டாமா? அவனும் புரிந்துகொண்டு, அந்தக் காலத்தில் எண்ணெய் விளக்கு எரிந்தது, இப்போது கரண்ட் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே நின்றான். அந்த இடத்தில் எனக்குப் பையனைப் பிடித்துப் போயிற்று.

உச்சியில் கண்ணாடி அறை. நடுவில் ஆள் உயரத்துக்கு அடுக்கடுக்கான லென்ஸ். சுற்றிலும் திரை போட்டு மூடியிருந்தது.

"பகல்ல எதுக்குங்க திரை?" என்றாள் கோமதி. வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"வெயில் இந்தக் கண்ணாடியில பட்டா உள்ள நெருப்புப் புடிச்சுக்குமுங்க. அதான், விடிஞ்சதும் மூடிருவோம்."

"ராத்திரி பூரா முழிச்சிருக்கோணுங்களா?"

"முறை வெச்சுத்தானுங்க. என் முறையன்னைக்கு முழிச்சிருக்கோணும்." பிறகு என்னைப் பார்த்துத்தான் பேசினான், ஆனால் அவளுக்குத்தான் சொன்னான். "மறைக்கக் கூடாதில்லீங்க... இங்க பேசிக்கிற அளவுக்கு அக்கம்பக்கம் இல்லீங்க. எங்கம்மாளுக்கே சலிச்சுப் போச்சு. அடுத்தாப்புல எங்க மாத்துவாங்கன்னும் தெரியாது. தீவுல போட்டாலும் போகோணும். நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க."

நாங்கள் பார்த்த வீடுகளை நினைத்துக்கொண்டேன். ஒரு வீட்டில் பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் இருப்பதைப் பெரிதாகக் காட்டினார்கள், இல்லாததையும் இருப்பதாகக் காட்டினார்கள். இல்லாததை இல்லை என்று சொன்ன முதல் ஆள் இவன்தான்.

"உங்களுக்குச் சலிக்காதுங்களா?" என்று கேட்டாள்.

"சலிக்குமுங்க. பொழுது உழுந்ததும் லைட்டைப் போட்டா, சரியாப் போயிருமுங்க."

அவள் வெளியே வராந்தாவில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே பாறைகள் கோழிமுட்டை அளவில் தெரிந்தன. அப்பால் கடல், கடல், கடல். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவள் நகரவே இல்லை. நான்தான் இறங்கலாம் கண்ணு என்று கூப்பிட்டேன்.

இறங்கி வந்தால் மாமா தீர்ப்பை எழுதி முடித்திருந்தார்.

"கெளம்பு மாப்ள. நல்ல தண்ணி இல்லாத ஊடு. நம்ம புள்ளைக்கு என்ன தலையெழுத்தா?"

"பையன் நல்ல பையன் மாமா."

"பையனையா குடிக்க முடியும்?"

எனக்கு வாதாடத் தெம்பில்லை. உண்மையைச் சொல்கிறேன் – அலுத்துப் போயிருந்தேன். இந்த வேன், இந்தச் சிரிப்பு, இந்தப் பொய், திரும்பிப் போய் அந்தக் காப்பி... எல்லாமே அலுத்துப் போயிருந்தது. வயிறு வேறு ஒட்டிப் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது. மீன் இல்லை. கொள்ளுப் பருப்பு! எடப்பாடியிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த கொள்ளாக இருக்கும். கடலோரத்தில் நின்றுகொண்டு நம்ம ஊட்டு அடுப்படி வாசனையைப் பிடித்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பசியாகவும் இருக்கலாம்.

செல்வராசின் அம்மா கூடத்தில் வாழை இலை போட்டு வைத்துவிட்டு வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நேரமாயிருச்சு சாமி... ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போங்க."

"இருக்கட்டுமுங்க. டூர் வந்தவங்களுக்கு எதுக்குங்க சிரமம்? இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க," என்று மாமா செருப்பை மாட்டினார்.

அந்தம்மாவுக்கு விளங்கிவிட்டது. முகம் சுண்டிப் போயிற்று. தூரத்தில் நின்ற செல்வராசு கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் வேனை நோக்கி நடந்தேன், என்ன செய்ய?

நாலடி போயிருப்பேன். பின்னால் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். வாசல் தொட்டியில் கோமதி கை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிவிட்டு நேராக உள்ளே போனாள். முதல் இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை... சோறு போடுங்க," என்றாள்.

அத்தை! அந்தம்மா அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஓடிப்போய்ச் சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரண்டி கரண்டியாக இலையில் அள்ளி வைத்தார். கோமதி தலை நிமிராமல் பிசைந்தாள். ஒரு வாய் எடுத்து வைத்தாள். அடுத்த வாயும் வைத்தாள்.

மாமா வாசற்படியில் நின்றார். "ஏ கோமதி..." என்று ஆரம்பித்தார்.

காலையிலிருந்து வாயே திறக்காத என் அக்கா அவரைத் தாண்டி உள்ளே போனாள். மகளுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். "எனக்கும் போடுங்க சம்பந்தி," என்றாள். அப்புறம் நான் எதற்கு வெளியே நிற்க வேண்டும்? நானும் உட்கார்ந்தேன்.

மாமா மட்டும் காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். மகளை ரொம்ப நேரம் பார்த்தார். அவள் இரண்டாம் தடவை சோறு கேட்டாள். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

"நல்ல தண்ணி நித்தமும் வருமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"வராதன்னைக்கு நானே போய்க் கொண்டாருவனுங்க மாமா," என்றான் செல்வராசு.

கன்னியாகுமரி போகவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. வேன் ஏறியதும் கோமதி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள், வாய் லேசாகத் திறந்தபடி, குழந்தை மாதிரி. ரொம்ப வருஷமாகத் தூங்காதவள் தூங்குகிற தூக்கம். மதுரை தாண்டியதும் மாமா என் பக்கம் சாய்ந்து, மகளை எழுப்பிவிடாத குரலில் சொன்னார்.

"ஒரு எருமை வாங்கிக் குடுத்தர்லாமா மாப்ள?"

முழங்கால் இன்னும் வலிக்கிறது. முகூர்த்தத்தன்று மணவறை ஏறுவதற்குள் சரியாகிவிட்டால் போதும்.