ஆறில் ஒன்று

அந்தமானில், ஹேடோவில் நாங்கள் இருக்கும் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஆறு வீடுகள், ஒரே குழாய். கோடையில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். முதல் வீட்டுக்காரர் டிரம்மை நிரப்புவார். கடைசி வீட்டுக்காரர் குடத்தில் காற்றைப் பிடிப்பார். இதனால் வந்த சண்டையை நிறுத்த, பக்கத்து வீட்டுத் தெலுங்கு மாமா ஒரு சீட்டுக்கட்டைக் கொண்டுவந்தார். வீட்டுக்கு ஒரு சீட்டு. பெரிய சீட்டு எடுத்தவருக்கு முதல் முறை. எக்கா, அதாவது ஏஸ்தான் எல்லாவற்றிலும் பெரியது. ஒரே சீட்டு இருவருக்கு வந்தால் இஸ்பேடு வைத்திருப்பவர் ஜெயிப்பார்.

சண்டை நிற்கவில்லை, இடம் மாறியது. குழாயடியில் யார் முதலில் என்பது போய், சீட்டை யார் முதலில் எடுப்பது என்றாயிற்று.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரியில் எடுத்திருப்பது கணக்கு. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியுமா?

"கட்டை நல்லா கலைச்சாச்சு. யார் எப்ப எடுத்தாலும் ஜெயிக்க ஆறில் ஒரு வாய்ப்புதான். முதல்ல எடுத்தாலும் ஒண்ணுதான், கடைசில எடுத்தாலும் ஒண்ணுதான்" என்றேன்.

மறுபக்கத்து வீட்டு வங்காளி ஆண்டி ஒத்துக்கொள்ளவில்லை. "அரே, கடைசில எடுத்தா எக்கா எல்லாம் போயிருக்கும்."

"போகாமலும் இருக்கலாம், ஆண்டி. முதல்ல எடுக்கறப்ப ரெண்டு வந்தா?"

"எனக்கு எதுக்கு ரெண்டு வரணும்?"



தெலுங்கு மாமா முடித்துவைத்தார். "எல்லாம் ஒண்ணுன்னா நீயே கடைசில எடும்மா. பஸ், அவ்வளவுதான், சண்டை கதம்."

சரி என்றேன். அம்மா முதுகில் கிள்ளினாள். "நாளைக்குக் கப்பல்ல உங்க அத்தை குடும்பத்தோட வர்றா. டிரம்ல அடித்தண்ணிதான் கெடக்கு. மெயின்லேண்ட்ல போயி என்னத்தச் சொல்லுவாளோ."

ஆண்டி முதலில் எடுத்தாள். டைமண்ட் நாலு. நான்தான் அதை உள்ளே வைத்தேன் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அடுத்தடுத்து ஒன்பது, குலாம் என்கிற ஜாக், ஏழு. ஐந்தாவதாக எடுத்த தெலுங்கு மாமாவுக்கு இஸ்பேடு ராணி. அவர் லுங்கியை மடித்துக் கட்டி வாளியைக் கையில் எடுத்தார்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். மிச்சம் நாற்பத்தேழு சீட்டு. இஸ்பேடு ராணியை வெல்ல நாலு ராஜா, நாலு எக்கா. நாற்பத்தேழில் எட்டு.

"அம்மா, இப்பவும் கிட்டத்தட்ட ஆறில் ஒண்ணுதான்" என்றேன். சந்தோஷத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

"அது நல்லதா, கெட்டதா?"

"ஆரம்பத்துல இருந்த மாதிரியேதாம்மா இருக்கு."

"அப்ப இம்புட்டு நேரம் நின்னது எதுக்கு? தள்ளு, நான் எடுக்கறேன். படிச்ச கைக்கு ராசி இருக்காது."

அம்மா கண்ணை மூடி எடுத்தாள். ஆட்டின் ராஜா.

தெலுங்கு மாமா வாளியைக் கீழே வைத்தார். பிறகு வங்காளி ஆண்டி மெதுவாகச் சொன்னாள்: "பாத்தீங்களா, இதுக்குத்தான் இவ கடைசில நின்னா."

இல்லை, இது தற்செயல் என்றேன். ஆறு தடவை எடுத்தால் ஒரு தடவை நடப்பதுதான் என்றேன். அதிகமாக விளக்க விளக்க, எதையோ மறைக்கிறேன் என்பது அவர்களுக்கு உறுதியானது. அத்தை குடும்பம் மறுநாள் தாராளமாகக் குளித்தது. அந்தமானில் தண்ணீர்க் கஷ்டமென்று சொல்வதெல்லாம் பொய் என்று அத்தை ஊருக்கு போன் செய்து சொன்னாள்.

அடுத்த முறை தண்ணீர் வரும் நாளில் கட்டு கலைக்கப்பட்டு ஸ்டூல் மேல் இருந்தது. யாரும் கிட்டே வரவில்லை. ஆண்டி சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி நின்றாள். தெலுங்கு மாமா எல்லாரையும் "ஆப் பெஹலே, நீங்க முதல்ல" என்று உபசரித்தார். எல்லாருக்கும் கடைசியில் எடுக்க வேண்டும். அதற்குள் குழாயில் தண்ணீரே வந்து தரையில் ஓட ஆரம்பித்துவிட்டது.

எனக்கு எதுவும் ஒன்றுதான். படித்தவள் ஒருத்தியாவது புத்தியோடு நடக்கட்டும் என்று சீட்டை எடுக்கப் போனேன். அம்மா என் கையை இறுகப் பிடித்தாள்.

"பொறுடி" என்றாள் காதோரம். "அவங்க எடுக்கட்டும்."